மஞ்சள் தடவி வந்த கேட்டலாக்

1

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் உறைபெட்டி இருக்கிறது. மீன் கடையில் பார்ப்போமே, அந்த அளவுப் பெட்டி. பூச்சியோ பூஞ்சையோ பிடித்திருக்குமோ என்று சந்தேகம் வருகிற புத்தகங்களை அதற்குள் போட்டுச் சில நாள் குளிரில் வைப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் மேலே அனுப்புவார்கள். அண்மையில் அந்தப் பெட்டிக்குள் போய் வந்தது அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஓர் ஓவியக் கண்காட்சிக் கேட்டலாக். அது செய்த குற்றம், நான்கு மூலையிலும் மஞ்சள் கறை.

கறையில்லை, மஞ்சள். நல்ல காரியத்துக்கு அச்சடித்த எதையும் மூலையில் மஞ்சள் தடவாமல் நம் ஊரில் கைமாற்ற மாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிலெய்டு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். நானோ அந்த மாதம் விடுப்பில் இருந்தேன். மகள் தனியாக வீடு பார்த்துப் போகிறாள் என்று அவளுடைய மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். ஆக, மங்கலப் பொருள் பூஞ்சைக் கைதியாக உள்ளே போய்விட்டது.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். வெளியே வந்த பிறகு அதற்கு நடந்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

2

ஊருக்கு வரும்போது "என்ன வேலை பாக்குற?" என்று கேட்பவர்களிடம் "லைப்ரரியில" என்பேன். "பரவால்ல, உக்காந்து பாக்குற வேலை" என்பார்கள். பாதி உண்மை. உட்கார்ந்துகொண்டு பிச்சை எடுக்கிற வேலை என்பது மீதி உண்மை.

ஓவியக் கண்காட்சி வைப்பவர்கள் கூடவே ஒரு புத்தகம் போடுவார்கள். யார் வரைந்தது, என்னென்ன படங்கள், எதில் வரைந்தது, எங்கே, எப்போது வைத்தது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அதுதான் கேட்டலாக். கண்காட்சி முடிந்ததும் படங்களைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். சுவரில் ஆணி ஓட்டைதான் மிஞ்சும். இப்படியொன்று நடந்தது என்று பிற்காலத்தில் சொல்ல அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. படிக்கவும் ஆராயவும் வருகிற பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பது அதனால்தான்.

பெரிய அருங்காட்சியகங்கள் போடும் தலையணை கனப் புத்தகங்களைப் பற்றிக் கவலையில்லை. புத்தக வியாபாரியிடம் ஒருமுறை சொல்லி வைத்தால் தானாக வந்துகொண்டிருக்கும். உயிரை வாங்குவது சின்னச் சின்னக் கண்காட்சிகள்தான். கொஞ்சம்தான் அடிப்பார்கள், கடையில் விற்க மாட்டார்கள், மிஞ்சியதை மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் "ஐயா, ஒரு பிரதி அனுப்ப முடியுமா?" என்று மின்னஞ்சல் எழுதுவது நான். வெளிநாடு போகும் பேராசிரியர்களிடம் "வரும்போது பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவதும் நான்.

இன்னொரு வழியும் உண்டு. எங்கள் பல்கலைக்கழகக் கூடத்தில் நடக்கும் கண்காட்சியின் கேட்டலாக்கை நாங்கள் பல ஊர் நூலகங்களுக்கு அனுப்புவோம், அவர்கள் தங்களுடையதை எங்களுக்கு அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை எனக்கு நீட்டி முழக்கி விளக்கினார்கள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். அடுத்த வீட்டு விசேஷத்துக்குச் செய்து, நம் வீட்டு விசேஷத்தில் திரும்ப வாங்குகிற செய்முறையைப் பற்றி அருப்புக்கோட்டைக்காரிக்குப் பாடம் எடுக்கிறார்களே என்று உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

அப்படிப் பாடம் எடுத்தவள் டோரத்தி. வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பெயர், ஊர், ஆசிரியர் என்று விவரம் எழுதிக் கணினியில் பதிவு செய்பவள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டாள். என்னை "சுப்பு" என்று கூப்பிடுவாள். அலுவலகத்தில் எல்லாருமே அப்படித்தான். சுப்பையா என்பது என் அப்பா பெயர். விசா விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் இருந்தது, எனக்கோ இருந்தது ஒரே பெயர். இரண்டாவது கட்டத்தில் அப்பாவை உட்கார வைத்தேன். எந்தக் கம்ப்யூட்டர் எந்த இடத்தில் புரட்டிப் போட்டதோ, அலுவலக அட்டை வரும்போது அப்பா முன்னால் வந்திருந்தார். முதல் வாரம் திருத்தப் பார்த்தேன். அந்த ஃபாரம், இந்த ஃபாரம் என்றார்கள். விடு என்று விட்டுவிட்டேன்.

3

கேட்டலாக் அனுப்பியது ரேணுகா. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், பக்கத்துத் தெருக்காரி. எங்கள் இரண்டு வீட்டிலும் பேசுவது கன்னடம். பெங்களூரில் போய்ப் பேசினால் சிரிப்பார்கள், அந்த ரகக் கன்னடம். வாசலைத் தாண்டினால் தமிழ். இங்கே மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஒரு மொழியைத் தொலைத்தால் என் மகள் அபி ஒரே மூச்சில் இரண்டைத் தொலைத்தாள். எதிலும் கெட்டிக்காரி.

ரேணுகா திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருவாள். விடுமுறை நாளில் பரளச்சிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போவாள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணை மூடிப் புகைய விட்டுக் கரி எடுப்பார்களே, அங்கே. உதிர்ந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி வந்து அந்தக் கரியாலேயே வரைவாள். மூட்டத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள், நரிக்குடிக் கண்மாயில் தண்ணீர் வற்றிய பிறகு மேய்கிற ஆடுகள், காலை பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கும் வாத்தியார்கள் என்று எல்லாமே கறுப்புதான். பார்த்தால் நமக்கே வியர்க்கும்.

கண்காட்சி வைக்கலாமா என்று மாமனாரிடம் பயந்து பயந்து கேட்டிருக்கிறாள். ரெங்கசாமி மாமா நூல் கடை வைத்திருந்தவர். தெருவில் எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நிற்கிற மனுஷர். அவர் தயங்கவே இல்லையாம்.

"வச்சுருவோம்மா. ஆனா வச்சா ஒழுங்கா வைக்கணும். கண்காட்சின்னா விசேஷம். விசேஷம்னா மண்டபம் பிடிக்கணும், பத்திரிகை அடிக்கணும், வந்தவுகளுக்குச் சோறு போடணும்."

மூன்றையும் செய்தார். கல்யாண மண்டபத்தில் மணவறை போடுகிற இடத்தில் படங்களை மாட்டினார்கள். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கேட்டலாக்கைக் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர் "கேட்டலாக்குன்னா என்ன, பக்கம் கூடுன பத்திரிகைதானே" என்று சொல்லி அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டார். மேலே பிள்ளையார் சுழி. அட்டையில் கைகூப்பிய கோலத்தில் ரெங்கசாமி மாமா. உள்ளே "அன்புடையீர்" என்று தொடங்கி, "எங்கள் இல்ல ஓவியக் கண்காட்சிக்குச் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்று போய், "காலை சிற்றுண்டி, மதிய விருந்து உண்டு" என்று முடிந்தது. நடுப் பக்கங்களில் ரேணுகாவின் கரி ஓவியங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ரோஜாப்பூ பார்டர்.

பிரதிகள் வேண்டும் என்று கேட்டது நான்தான். ஆசியாவின் சிறிய கண்காட்சிகளையும் சேர்ப்பது என்று எங்கள் நூலகத்தின் கொள்கையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை உள்ளே நுழைக்க நான் எத்தனை கூட்டத்தில் தொண்டை வறளப் பேசினேன் என்று எனக்குத்தான் தெரியும். அருப்புக்கோட்டையில் அச்சாகாமலே போன எத்தனையோ விஷயத்துக்குப் பதில் இதாவது இங்கே வந்து சேரட்டும் என்று ஆசைப்பட்டேன்.

4

மெத்தை தூக்கிய இடுப்பு வலியோடு நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலை ரேணுகா கூப்பிட்டாள்.

சென்னையில் ஒரு கலை மையம் இருக்கிறது. ஊர்ப்புறத்து ஓவியர்களைக் கூப்பிட்டுத் தங்க இடம் கொடுத்து ஆறு மாதம் வரையச் சொல்வார்கள். வேலைக்கு லீவு போட்டுப் போகலாம் என்று அவள் விண்ணப்பித்திருந்தாள். தனியாகக் கண்காட்சி வைத்ததற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று எங்கள் நூலகம் அனுப்பிய பதிவு இணைப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் பெருமையாக அனுப்பிவிட்டாள். பதில் வந்துவிட்டது.

"ஏடி வசந்தி, அதுல ஓவியர் ரெங்கசாமின்னு இருக்காம்டி. நீங்க யாருன்னு என்னையக் கேக்குறாங்க."

நான் உடனே பதிவைத் திறந்து பார்த்தேன். ஓவியர்: ரெங்கசாமி. ஊர்: அருப்புக்கோட்டை. எல்லாம் சுத்தமாக, டோரத்தியின் கைவண்ணத்தில். கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன். குளிரில் இருந்து வந்ததில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது.

"இவர் ஓவியர் இல்லை. இவருடைய மருமகள்தான் ஓவியர்" என்றேன்.

"அட்டையில் இவர் படம். முதலில் இருப்பது இவர் பெயர். எழுத்தும் இவருடையதுதான் பெரிது. தமிழ் தெரியாததால் போனை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன், சாப்பாட்டு விவரம்கூட வந்தது. மருமகள் வரைந்தாள் என்று எங்கே இருக்கிறது, காட்டு."

இதென்ன பிரமாதம் என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இல்லை. கடைசிப் பக்கத்தில் "தங்கள் நல்வரவை நாடும்" என்ற தலைப்பின் கீழ் கொழுந்தன்மார், நாத்தனார்மார் பெயர்களுக்கு நடுவில் "திருமதி ரேணுகா, டிராயிங் டீச்சர்" என்று இருந்தது. அவ்வளவுதான். படங்களின் ஓரத்தில் அவள் கையெழுத்து இருக்குமே என்று பார்த்தேன். ரோஜாப்பூ அதை மூடியிருந்தது.

ஓவியக் கண்காட்சிக்குக் கேட்டலாக் போட்டு அதில் ஓவியர் யார் என்று மட்டும் போடவில்லை. யாரும் ஒளிக்கவில்லை. மண்டபத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் அது ரேணுகா படம் என்று தெரியும். தெரிந்ததை யாராவது அச்சடிப்பார்களா? பத்திரிகையில் பெரியவர் பெயர்தான் மேலே வரும், வீட்டுப் பெண் பெயர் வருகிற இடத்தில் வரும். அனுப்பும் முன் ரேணுகா எனக்கு அத்தனை பக்கத்தையும் போட்டோ எடுத்துக் காட்டினாள். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே.

"எனக்குத் தெரியும் டோரத்தி. சின்ன வயதிலிருந்து தெரியும்."

"அதுதான் சிக்கல். நீ அவளுடைய தோழி. இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியதும் நீ. நீ சொன்னால் ஆதாரமாகாது. எங்காவது அச்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓவியர் என்று பதிவாகியிருப்பவரே நான் இல்லை என்று சொல்ல வேண்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எந்த நாட்டு ஆபீஸ் கவுண்டருக்குப் போனாலும் நம்மிடம் இல்லாத காகிதத்தைத்தான் கேட்பார்கள். டோரத்தி மேலும் சொன்னாள். எங்கள் பதிவு பொதுத் தொகுப்பில் ஏறிவிட்டது. மற்ற நூலகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சொந்தக்காரர்கள் சொன்னதை நம்பித் திருத்த ஆரம்பித்தால் நாளைக்கு யாருடைய படத்தையும் யார் பெயரிலும் ஏற்றலாம். காபி குடித்து ஆறின பிறகு யோசித்தால் அவள் சொன்னது சரி. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

5

மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது என்று ரேணுகாவுக்கு போன் செய்தேன். "இருடி" என்றாள் அவள். பிறகு ஒரு போட்டோ அனுப்பினாள்.

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் ரெங்கசாமி மாமா. "ஆஸ்திரேலியா பல்கலைக்கழகம் போற்றும் எங்கள் ஓவியரே!" ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் கங்காரு. எங்கள் பதிவை ரேணுகாவின் வீட்டுக்காரர் சொந்தக்காரர்கள் வாட்சப்பில் போட, பெயரைப் பார்த்த மாமாவின் தம்பி மகன்மார் குஷியில் வைத்துவிட்டார்கள்.

"கங்காரு வேற போட்ருக்கானுகடி" என்றாள் ரேணுகா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மாமாட்ட சொல்லு."

"எப்படிடி சொல்லுவேன்? ஊரைக் கூட்டிச் சோறு போட்டு எனக்குக் கண்காட்சி வச்சவுக அவுக. இன்னைக்கு அவுகளுக்கு ஒரு பேரு வந்திருக்கு. அது உங்க பேரு இல்ல, இறக்குங்கன்னு நானே போயிச் சொல்லவா?"

"அப்ப சென்னை?"

"விடு."

அந்த விடு எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கு நன்றாகப் பழகிய சொல் அது. சொல்லும்போது ஒரு சிரமமும் இருக்காது. பிறகு வருஷக்கணக்கில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் சொன்னபோது போனது ஓர் அட்டையில் ஒரு பெயர். இவளுக்குப் போவது மண்டபம் நிறைய மாட்டிய அத்தனை படமும், இனி வரையப் போகிறதும். சென்னைக்காரர்கள் அடுத்த வாரக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பார்கள்.

சனிக்கிழமை அபி அழுக்குத் துணி மூட்டையோடு வந்தாள். தனி வீடு போனவர்களுக்குத் தனி வாஷிங் மெஷின் கிடையாது போலிருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னதும் பேனர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகக் கேட்டாள்.

"இந்தத் தாத்தாவுக்குத் தான் வரையலன்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"ரேணுகா ஆன்ட்டிக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அப்ப யாரு யாருக்கிட்ட ஒளிக்கிறீங்க?"

பதில் இருந்தது. மரியாதை, நன்றி, மனசு நோகும் என்று நிறைய இருந்தது. அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம்கூட என்னால் கட்ட முடியவில்லை. போனை எடுத்து மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

மாமா கன்னடத்தில் நலம் விசாரித்தார். அபியைக் காட்டச் சொன்னார். அவள் தாத்தா பாட்டிகளிடம் வழக்கமாகச் சொல்லும் வரியான "நல்லாருக்கேன் தாத்தா"வை ஒப்பித்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். "ஒரு காரியம் பேசணும் மாமா" என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து தமிழுக்கு மாறினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். சாப்பாடு, காய்ச்சல், குழந்தை எல்லாம் கன்னடம். கடை, கோர்ட்டு, பஞ்சாயத்து என்றால் தமிழ்.

"சொல்லும்மா."

"எங்க பதிவுல ஓவியர்னு உங்க பேரு ஏறிருச்சு மாமா."

"பாத்தேன். பயலுக ஃபிளெக்ஸே வச்சுட்டானுக."

"வரைஞ்சது ரேணுகா."

"அதென்ன அப்படிச் சொல்ற? ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும் மாமா. இங்க தெரியல. சென்னையிலயும் தெரியல." சென்னைக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லலையே அவ."

"உங்க மனசு நோகும்னு."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"எனக்கு நேரா ஒரு கோடு போட வராதும்மா. டீக்கடையில ஒருத்தன், அண்ணாச்சி, எங்க வீட்டுச் செவத்துல ஒரு மயிலு வரைஞ்சு குடுங்கன்னு கேட்டான். பாப்போம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுலருந்து அந்தக் கடைப் பக்கமே போகல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"வரைஞ்சது நான் இல்ல, என் மருமகதான்னு சொல்லணும் மாமா. எழுத்துல, இல்லன்னா அச்சுல."

"என் பேரை அடிச்சிருவாகளா?"

கொடுக்கல் வாங்கலில் கெட்டிக்காரர் என்று பேரெடுத்த மனுஷர் அவ்வளவு மெதுவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அடிக்க மாட்டாக மாமா. நடத்துனவுகன்னு ஒரு எடம் இருக்கு. அதுல உங்க பேரு வரும்."

"சரி, வைக்கிறேன்" என்றார். திரை இருண்டது. எதற்குச் சரி என்று தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேனோ, ரேணுகா வீட்டில் இனி என்ன பேச்சு நடக்குமோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ரேணுகாவைக் கூப்பிடவும் பயமாக இருந்தது.

6

திங்கட்கிழமை காலை டிராமில் போய்க்கொண்டிருந்தபோது ரேணுகாவிடமிருந்து போட்டோ வந்தது. அதே பஸ் ஸ்டாப், அதே கம்பம், புதிய ஃபிளெக்ஸ். நடுவில் ரேணுகா. பின்னால் கண்மாயும் ஆடுகளும், அவள் வரைந்த படம், ரோஜாப்பூ இல்லாமல். ஓரத்தில் சின்னதாக மாமா, கைகூப்பியபடி. "ஓவியர்: எங்கள் மருமகள் ரேணுகா. கண்காட்சி நடத்தி விருந்து வைத்தவர்: ரெங்கசாமி." கங்காருவை மட்டும் யாரும் இறக்கவில்லை.

மாமாவே ஃபிளெக்ஸ் கடையில் போய் உட்கார்ந்து பக்கத்தில் இருந்து அடித்து வாங்கினாராம். பழையதைக் கழற்றினால் அசிங்கம் என்று தம்பி மகன்மார் குதித்திருக்கிறார்கள்.

"அடுத்தவ செஞ்ச வேலைக்கு மாலை வாங்குறதுதான்டா அசிங்கம். ஏறி அவுருங்கடா" என்றாராம்.

டோரத்தியிடம் போனை நீட்டினேன். பேனரில் எழுதியிருப்பதை வரி வரியாகப் படித்துச் சொன்னேன். ஓவியர் என்று பதிவானவரே சொல்கிறார், அச்சிலும் இருக்கிறது, போதுமா என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கங்காருவிடம் கொஞ்சம் நின்றாள்.

"பொது இடத்தில் அச்சிட்டு வெளியிட்டது. பெயர் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு வந்ததில்லை" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஓவியர்: ரேணுகா. ஆதாரம்: பேனர், பேருந்து நிறுத்தம், அருப்புக்கோட்டை. அடுத்த வரிக்கு வந்ததும் கையை எடுத்தாள்.

"விருந்து வைத்தவர் என்பதற்கு எங்கள் விதிகளில் சொல் இல்லை. நடத்தியவர் என்று போடுகிறேன். அவர் வருத்தப்படுவாரா?"

"அந்தச் சொல்லுக்குள்ளே விருந்தும் அடக்கம்" என்றேன்.

கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்தாள். மூலைகளில் இருப்பது மஞ்சள். வெளியிட்டவர்களே இட்டது. துடைக்கக் கூடாது.

திருத்திய பதிவைச் சென்னைக்கு அனுப்பினோம். அந்த வாரமே ரேணுகாவை வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அவள் போனில் அதைச் சொன்னபோது பின்னால் மாமா குரல் கேட்டது. பதிவை மறுபடி படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் அவர் சொன்னதை ரேணுகா போனை அவர் பக்கம் திருப்பி எனக்கும் கேட்க வைத்தாள்.

"நம்ம பேரு ரெண்டாவதா இருக்கு. இருக்கட்டும். மொதப் பேரு வேலை செஞ்சவ பேரு. ரெண்டாவது சோறு போட்டவன் பேரு. சரியாத்தான் எழுதிருக்காக."

மறுநாள் தேநீர் நேரத்தில் இதை டோரத்தியிடம் சொன்னேன். ரசித்துச் சிரித்தாள். கோப்பையைக் கீழே வைத்தவள் என் கழுத்தில் தொங்கிய அட்டையையே பார்த்தாள்.

"அப்படியானால் சுப்பையா?"

நானும் குனிந்து அட்டையைப் பார்த்தேன்.

"சோறு போட்டவர்" என்றேன். "என் அப்பா."

"இத்தனை வருஷம் நீ ஏன் சொல்லவில்லை?" என்று கடிந்துகொண்டாள். தப்பான பதிவு என்றால் அவளுக்கு ஆகாது. என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டினாள், பரவாயில்லை.

மறுநாள் காலை அலமாரிகளுக்கு நடுவில் புதிதாக வந்த பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ வசந்தீ என்று யாரையோ கூப்பிட்டார்கள். நான் என் பாட்டுக்குப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். டோரத்தி இன்னொரு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.